இருமிக்கொண்டு வந்த கார்

நானா எதையும் லேசில் பழுது என்று ஒத்துக்கொள்ளமாட்டார். பழுது என்று நீங்கள் சொல்கிற சாமானைக் கழற்றி, நன்றாக வேலை செய்கிற இடத்தில் கொண்டுபோய்ப் பூட்டுவார். அங்கே இருந்த நல்ல சாமானைப் பழுதான இடத்தில் பூட்டுவார். பிறகு இஞ்சினை ஸ்ராட் பண்ணிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"பிழை சாமானோட போகுதா, இடத்திலயே நிக்குதா, பாப்பம்."

பிழை சாமானோடு போனால் சாமான் பழுது. இடத்திலேயே நின்றால் சாமான் பாவம், குற்றம் வேறெங்கோ. காலம் முழுக்க டீசல் இஞ்சின்களை அவர் இப்படித்தான் விசாரித்தார். இஞ்சின்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதரையும் இப்படித்தான் விசாரித்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தவன். அதை ஒருநாள் கராஜில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூண்டு வருசமும் ஒரே வாத்தியா?"

"இல்லை நானா. வருசத்துக்கு ஒராள்."

"பள்ளிக்கூடம்?"

"அதுவும் மாறினது. சண்டையில இடம்பெயர்ந்தனாங்கள்தானே."

"அப்ப சரி. பிழை இடத்தில இல்ல."

முள்ளியவளையில் இரண்டு சகோதரர்கள் வயலைப் பிரித்துவிட்டு அடிபட்டார்கள். தம்பிக்கு விளைச்சல் குறைவு. அண்ணன் தன்னை ஏமாற்றி உப்பு நிலத்தைத் தள்ளிவிட்டான் என்பது அவனுடைய வழக்கு. லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரத்தைத் திருத்த வந்த இடத்தில் நானாவிடம் முறையிட்டான். "ஒரு போகத்துக்கு வயலை மாத்திச் செய்யுங்கோ" என்றார் நானா. செய்தார்கள். அந்த முறையும் தம்பிக்குத்தான் குறைவு. பிழை ஆளோடு போய்விட்டது. அதற்குப் பிறகு சகோதரர்கள் சமாதானமாகிவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நானாவோடு கதைக்காமல் விட்டார்கள்.

தண்ணீரூற்று என்கிற அந்த ஊரில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படிச் சொல்வார்கள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவருக்குப் பேரும் இருந்தது. தன் கராஜுக்கே பேர்ப்பலகை போடாத மனிதரின் பேரை நான் எதற்குப் போட?

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததே என்னுடைய கெட்டித்தனத்தால்தான். என்னிடம் ஒரு பழைய டீசல் கார் இருக்கிறது. ஹயருக்கு ஆள் ஏற்றி ஓடுவேன். மனைவியைக் கிளினிக்குக்கு ஏற்றுவேன். நெல்லும் ஏற்றுவேன். டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் யோசித்தேன். நான் யோசித்தால் எப்போதும் யாருக்கோ செலவு. சண்டைக் காலத்தில் வன்னிக்குள் டீசல் வராது. அப்போது மண்ணெண்ணெயில் கொஞ்சம் எண்ணெய் கலந்து பஸ்ஸே ஓடியது. அப்போது ஓடியது இப்போது ஏன் ஓடாது? மண்ணெண்ணெய் விட்டேன். வழுவழுப்புக்குத் தேங்காயெண்ணெயும் விட்டேன்.

ஓடியது. இரண்டு கிழமை வடிவாக ஓடியது. மூன்றாம் கிழமை, வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு, உரலில் இடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு, நானாவின் கராஜ் வாசலில் வந்து படுத்தது.

நானா பொனற்றைத் திறக்கவில்லை. பின்பக்கம் போய்ப் புகைக்குழாயடியில் குனிந்து மணந்து பார்த்தார்.

"என்ன விட்டிக்கிறாய்?"

"டீசல்தான் நானா."

"சொதி மணக்குது."

தேங்காய்ப்பாலில் வைக்கிற அந்தக் குழம்பின் பேரைக் கேட்டதும் கராஜில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பேர் சொதி. என் மாமியார்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறா.

பிறகுதான் திறந்தார். டீசலை இஞ்சினுக்குள் பனித் தூறல் மாதிரித் தெளிக்கிற விரலளவுச் சாமானை நொசில் என்போம். நாலு சிலிண்டருக்கு நாலு நொசில். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு நொசிலுக்கும் போகிற பைப்பின் நட்டை அரைச் சுற்று இளக்கிப் பார்த்தார். இளக்கியதும் இஞ்சின் தள்ளாடினால் அந்த நொசில் வேலை செய்கிறது. இளக்கியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது வேலைக்கு வராமல் சம்பளம் எடுக்கிற ஆள். என்னுடையதில் நாலும் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தன. கழற்றி, கையால் அடிக்கிற பம்பில் பூட்டி அடித்துக் காட்டினார். பனி வரவில்லை. சளி பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி ஒழுகியது.

"நானா, மாத்திப் பூட்டிப் பாக்கேல்லையோ?"

"நாலும் போனா எதோட எதை மாத்த? நாலும் ஒண்டாப் போனா பிழை ரைவர்."

அந்த நாலையும் மாற்றி முடிக்க மூன்று நாள் எடுத்தது. நான் மூன்று நாளும் அங்கேயே இருந்தேன். வீட்டில் இருந்தால் மனைவி காரைப் பற்றிக் கேட்பாள். கராஜில் ஒரு உடைந்த பஸ் சீற் கிடந்தது. அதில் இருந்து கதைத்துக்கொண்டே இருந்தேன். வாய் சும்மா இருக்காததால் இரண்டாம் நாள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. உடுப்புப் பைகளோடு அவர்கள் தண்ணீரூற்றை விட்டுப் போனார்கள். சாமானெல்லாம் வீடுகளிலேயே கிடந்தது. மாடு, கோழியெல்லாம் தெருவில் நின்றன. பக்கத்து ஊர் நாங்கள். இரண்டு நாள் கழித்து என் அப்பா ஒரு கோழியோடு வந்தார். எங்கே பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கறி வைத்தா. எனக்கு ஒரு கால் கிடைத்தது.

இதை ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியாது. பகிடியாகத்தான் தொடங்கினேன். இடையில் பகிடி முடிந்துவிட்டது.

நானா நொசிலை இறுக்கிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எந்த வளவுக் கோழி?"

"பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் எண்டு அப்பா பிறகு சொன்னவர்."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"பள்ளிக்குப் பின்னால எங்கட வளவுதான். ஆனா எங்கட கோழியெல்லாம் செவலை. நீ திண்டது வேற யார்டயோ."

எனக்குப் பெரிய நிம்மதி. வேற யாருடையதோ என்றால் பாவம் கொஞ்சம் குறைவு என்று என் மண்டைக்குப் பட்டது. ஐந்தாம் வகுப்பு மூன்று தடவை படித்த மண்டை.

கார் சரியான பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. ஹயர் இல்லாத நேரமெல்லாம் அந்த பஸ் சீற்றில்தான். அப்படித்தான் நானாவின் சொந்தக் காரைக் கவனித்தேன். என் காருக்கு இருக்கிற அதே டீசல் இஞ்சின் அதற்கும். பால் குறைவான தேத்தண்ணியின் நிறம். அவர் அதைப் பள்ளத்தில் இறக்குகிற நேரம் மூன்றாவது நொசில் இருமும். டக், டக், பிறகு ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் டக். சும்மா நிற்கும்போதும் பழைய சுருட்டுக்காரன் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கும்.

"நானா, ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிற பரியாரி வீட்டிலயோ இருமல்?"

"இருமட்டும். உனக்கு நித்திரை குழம்புதா?"

அவருடைய மேசை லாச்சியில், எண்ணெய்த் தாளில் சுற்றியபடி ஒரு புது நொசில் கிடந்தது. அந்தக் காருக்கு உரியதுதான். ஒரு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்ததைப் பார்த்தேன். கஞ்சன் என்று நினைத்தேன். பிறகு சோம்பேறி என்று நினைத்தேன். பிறகு, நல்ல மனிதர்களுக்கும் ஒரு விசர்க்குணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு நானா கராஜைப் பூட்டுவார். எந்தப் பெரிய ஆள் வந்து நின்றாலும் பூட்டுவார். காரை எடுத்துக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்குப் போவார். நானும் சில நாள் ஏறிக்கொள்வேன், தேத்தண்ணி கிடைக்கும். அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். அக்காவை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். கார் வாசலுக்கு வர, ராத்தா குசினிக்குள் தண்ணீர் கொதிக்க வைத்திருப்பா. ஒரு நாளும் பிந்தியதில்லை. நேரம் பார்த்து வைக்கிறா என்று நினைத்தேன். அந்த வீட்டு மணிக்கூடு ஓடாது என்பது சுவரில் அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்த எனக்கு ஒரு வருஷமாகப் படவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிய, ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்புவா.

"வீட்ட போவம்."

"போவம்" என்பார் நானா.

இரண்டு பேரும் காரில் ஏறுவார்கள். முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் போவார்கள். கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார்கள். திரும்பி அதே வீட்டுக்கு வருவார்கள். ராத்தா இறங்கி, சுவரைத் தொட்டுப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், வந்திட்டம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவா. ஒவ்வொரு நாளும்.

ஒருநாள் நானாவே சொன்னார். புத்தளத்தில் அகதியாக இருந்த வருஷமெல்லாம் ராத்தா கேட்டது அது ஒன்றுதான். வீட்ட போவம். மறதி வந்த பிறகும் அது ஒன்றை மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்று ஆனதும் நானாதான் முதல் ஆளாக வந்தார். இடிந்த வீட்டின் அத்திவாரத்திலேயே புது வீட்டைக் கட்டினார். ராத்தாவைக் கூட்டிவந்து வாசலில் இறக்கினார். ராத்தா வீட்டைச் சுற்றிப் பார்த்தா. நல்ல வீடு என்றா. பின்னேரம் ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வீட்ட போவம்" என்றா.

"ஒரு வேளை புத்தளத்தத்தான் கேக்குறாவோ எண்டு யோசிச்சன்" என்றார் நானா. "அங்கயும் கொண்டுபோனன். மகள்ட வீட்டில ஒரு மாசம். அங்கயும் பின்னேரம் ஆனா அதே கதை."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாத்திப் பூட்டிப் பாத்தாச்சு, சொதி."



இன்னொரு நாள், தேத்தண்ணிக் கோப்பையைத் தரும்போது ராத்தா என்னைப் பார்த்துச் சொன்னா: "கூட்டுக்குள்ள ஆறுதான் கிடக்கு. கறுப்புக் கோழிய இன்னும் காணல்ல. பாத்தீங்களா மகன்?"

அந்த வளவில் கோழியும் இல்லை, கூடும் இல்லை. நான் நானாவைப் பார்த்தேன். நானா கூரையைப் பார்த்தார். எங்கட கோழியெல்லாம் செவலை என்று சொன்ன மனிதர். கூரையில் ஒன்றும் இல்லை, ஒரு பல்லிகூட இல்லை. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வந்திடும் ராத்தா" என்றேன்.

போன மாரிக்கு முந்தின மாரியில் நானாவுக்கு நெஞ்சு நொந்தது. முல்லைத்தீவில் பார்த்துவிட்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான்தான் என் காரில் ஏற்றினேன். மகள் புத்தளத்திலிருந்து வந்து தாயோடு நின்றா. மாங்குளம் தாண்டும்போது நானா, "மூண்டாவது கியரில நெடுக இழுக்காத" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் சொன்னார்:

"பின்னேரத்தில அவவ ஒருக்கா கடற்கரைக்குக் கொண்டு போய் வா. மகளும் வருவா. என்ட கார எடு."

"என்ர கார் இப்ப வடிவா ஓடுதே நானா. நீங்கள் செய்த கார்."

"என்ட கார எண்டு சொன்னன். நான் வாறவரைக்கும் என்ட இடத்தில நீ நில்லு. பாப்பம்."

அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா வந்திருக்கலாம். ஆனால் வவுனியாவிலிருந்து தண்ணீரூற்று வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். நான் யோசித்தால் என்ன நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மனிதர் எனக்கு எவ்வளவு செய்திருக்கிறார், திரும்பி வரும்போது அவருடைய கார் இருமாமல் நிற்கட்டும். இதுதான் யோசனை.

கராஜைத் திறந்து லாச்சியிலிருந்த புது நொசிலை எடுத்தேன். அவர் எத்தனையோ தடவை செய்ததை பஸ் சீற்றில் இருந்து பார்த்தவன்தானே. பைப்பைக் கழற்றி, பழைய நொசிலைக் கிளப்பி, அடியில் வொசர் என்கிற புது செப்பு வளையம் போட்டு, புதியதை இறக்கி இறுக்கினேன். பைப்புக்குள் நின்ற காற்றை எடுத்து ஸ்ராட் பண்ணினேன். பட்டு மாதிரி ஓடியது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. பழைய நொசிலை, மூலையில் இருந்த செத்த நொசில் வாளிக்குள் எறிந்தேன். டங் என்று விழுந்தது. அந்த டங் இப்போதும் காதில் கேட்கிறது.

ஐந்து மணிக்குக் காரை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிற்பாட்டினேன். குசினியில் புகையில்லை. ராத்தா முன் கதிரையில் இருந்தா.

"தேத்தண்ணி இல்லையோ ராத்தா?"

"அவர் வரட்டும்."

"கார் வந்திட்டுதே. வாங்கோ, வீட்ட போவம்."

ராத்தா எட்டிப் பார்த்தா. காரை முன்னிருந்து பின்வரைக்கும் பார்த்தா.

"இது வேற ஆக்கள்ட கார். அவர்ட கார் இருமும்."

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. மகளும் நானும் மாறி மாறிச் சொன்னோம். இருட்டும்வரைக்கும் படலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றா. அடுத்த நாள் மகள் தொழுதுவிட்டு எழும்பிப் பார்க்க, கதிரையில் ஆளில்லை. தேடிப் போனோம். முல்லைத்தீவு ரோட்டில் ஒரு மதகடியில் கண்டோம். கையில் பை. ஒரு காலில் தன்னுடைய செருப்பு, மற்றக் காலில் நானாவின் செருப்பு. ரோட்டு நடுவால் போய்க்கொண்டிருந்தா. ஒரு மணல் டிப்பர் ஹோர்ன் அடித்து விலகிப் போனது.

"எங்க போறீங்க உம்மா?" என்று மகள் அழுதுகொண்டு கேட்டா.

"அவர் வீட்ட நிக்கிறார்போல. இங்க வரல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிலருக்கு மூளையில் மணி அடிக்கும். எனக்கு டிப்பர் அடித்தால்தான் உண்டு.

அன்றைக்கே கராஜுக்கு ஓடினேன். அவசரத்தில் வாளியைக் கவிழ்த்தேன், எல்லாம் கலந்துபோனது. அந்த இஞ்சினுக்குப் பொருந்துகிற நொசில் மட்டும் பதினொன்று கிடந்தது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கரி. நான் எறிந்தது எது? அடையாளம் இல்லை. நல்ல நொசிலைத் தேடுவது லேசு. நல்லதெல்லாம் ஒரே மாதிரித் தெளிக்கும். கெட்டது ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குக் கெட்டுப்போயிருக்கும். எனக்கு வேண்டியது கெட்டதுகளுக்குள்ளே சரியான கெட்டது.

காரையும் வாளியையும் ஸ்பானர்களையும் வீட்டுக்கே கொண்டுபோனேன். மகள் வளவுக்குள் கதிரை போட்டு ராத்தாவை இருத்தினா. மூன்றாவது இடத்தில் இருந்த புது நொசிலைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியிலிருந்து ஒன்றைப் பூட்டினேன். ஸ்ராட் பண்ணினேன்.

"இது ஆட்டோ" என்றா ராத்தா.

இரண்டாவது. "இது அரிசி மில்."

மூன்றாவதற்கு இஞ்சின் உதறியதில் பொனற்றில் வைத்த ஸ்பானர் கீழே விழுந்தது. "யார் இது, வாசல்ல சண்டை பிடிக்கிறது?"

நாலாவதும் ஐந்தாவதும் இருமவேயில்லை, புகைதான் வந்தது. ஆறாவது கொஞ்சம் கிட்ட வந்தது. ராத்தா தலையைச் சரித்துக் கேட்டா. பிறகு, "இல்ல, இவர் வேற ஆள்" என்றா. சூடான இஞ்சினில் என் முழங்கை இரண்டு இடத்தில் பொசுங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் புது செப்பு வொசர் போட்டேன். ஒருமுறை நசிந்த வொசரைத் திரும்பப் போடக்கூடாது என்பது நானாவின் சட்டம். அவர் அங்கே இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம்.

ஏழாவதைப் பூட்டி ஸ்ராட் பண்ணினேன். டக், டக், ஒரு சின்ன இடைவெளி, டக்.

ராத்தா எழும்பினா. முக்காட்டைச் சரிசெய்தா. என்னைக் கடந்து குசினிக்குள் போனா. கேத்திலுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. நான் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். இறுக்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் இறுக்கினேன்.

அடுத்த நாள் வவுனியாவுக்குப் போய் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதகு, செருப்பு, டிப்பர், எல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"எத்தனையாவதில பிடிச்சாய்?"

"ஏழாவதில."

"ஏழுக்கும் புது வொசரா?"

"ஏழுக்கும் புதுசு."

"அப்ப சரி."

பிறகு மெதுவாகச் சொன்னார். புத்தளத்தில் பெரிய கராஜ் ஒன்றில் வேலை. அகதி முகாமில் நூறு கொட்டில். பின்னேரம் எத்தனையோ வாகனம் வந்து போகும். இந்தக் கார் மட்டும் இருமிக்கொண்டு வரும். முகாம் வாசலில் அது இருமும்போது ராத்தா தண்ணீர் வைப்பா. அவர் கொட்டிலுக்கு வந்து சேர, தேத்தண்ணி சரியாக இருக்கும். அந்த நாளிலேயே நொசிலை மாற்றப் போனவர்தான். ராத்தா வேண்டாம் என்றாவாம். அப்போது அவவுக்கு மறதி இல்லை.

"நெடுக ஒழுக விட்டா ஒரு நாளைக்குப் பிஸ்டன் ஓட்டையாகும்" என்றார். "மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி, கரியத் துடைக்கோணும். கொஞ்சமாத் துடை. வடிவாத் துடைச்சா இருமல் நிண்டிரும். துடைக்காம விட்டா இஞ்சின் நிண்டிரும்."

அதாவது அந்த மனிதர் இவ்வளவு வருஷமாக ஒரு பழுதைச் சரியாகப் பழுதாகவே வைத்துப் பராமரித்திருக்கிறார். நான் அவரைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

புறப்படும்போது கூப்பிட்டார்.

"சொதி. அந்தக் கோழி."

"தெரியும் நானா."

"கால் எண்டா சொன்ன நீ?"

"ஓம். ஒரு கால்."

"நல்ல கோழி அது" என்றார்.

இரண்டு நாள் கழித்து விடியப்புறம் மகளுக்குப் போன் வந்தது. மத்தியானத் தொழுகைக்குப் பிறகு நானாவைத் தண்ணீரூற்றில் அடக்கினார்கள். நான் பின்னால் தள்ளி நின்றேன். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டேன்.

புருஷன் இறந்தால் அவர்களில் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். ராத்தாவிடம் காலையில் சொன்னார்கள், அழுதா. பின்னேரம் மறந்துவிட்டா. அடுத்த நாள் திரும்பச் சொன்னார்கள், முதல் தடவை கேட்கிற மாதிரித் திரும்ப அழுதா. மூன்றாம் நாள் மகள் சொல்வதை நிறுத்திவிட்டா. என்னைக் கூப்பிட்டு, "வெளியில கொண்டு போக ஏலாது. சத்தம் மட்டும் கேக்கட்டும்" என்றா.

நான் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குக் காரைக் கராஜிலிருந்து எடுத்து, வாசலில் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் இருமவிட்டு, நிற்பாட்டிவிட்டுப் போனேன். தேத்தண்ணியை மகள் படலைக்குக் கொண்டுவந்து தருவா. உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் கேட்கும்.

"கோழி எல்லாம் அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு ராத்தா."

"கறுப்பும்?"

"கறுப்பும்."

இந்தச் சேதி ஊருக்குப் பரவி, இறந்த ஆளின் காரைச் சும்மா ஓட்டிக்கொண்டு திரிகிற விசரன் என்று எனக்கு இன்னொரு பேரும் வந்தது. சொதியைவிட அது பரவாயில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று மகள் என்னை உள்ளே வரச் சொன்னா. அதற்கிடையில் ஒரு தடவை நொசிலைக் கழற்றிக் கொஞ்சமாகத் துடைத்துப் பூட்டியிருந்தேன். இருமல் நிற்கவில்லை.

ராத்தா தேத்தண்ணியோடு வந்தா. இரண்டு கோப்பை. ஒன்றை என்னிடம் தந்தா. மற்றதை நானாவின் கதிரைக்குப் பக்கத்தில், ஸ்ரூலின் மேல் வைத்தா. அந்த ஓடாத மணிக்கூட்டைப் பார்த்தா. வாசலில் நின்ற காரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"அவர் எங்க?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா.

"கை கழுவுறார் ராத்தா" என்றேன். "டீசல் கை."

"ம்" என்றா ராத்தா. "ஆறினா குடிக்கமாட்டார்." பீரிசை எடுத்து அந்தக் கோப்பையை மூடினா. மூடிவிட்டு, பின்பக்கம் காது கொடுத்துக்கொண்டு இருந்தா.

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சீமெந்தில் விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். சவர்க்காரத்தை எடுத்து என் கையைத் தேய்த்தேன். டீசல் கை கழுவக் கொஞ்ச நேரம் எடுக்கும்.